ஆர்வில் குடிக்க மறுத்த குவளை

கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வாட்டில்ஃபோர்டு தேவாலயத்து வேதப்புத்தகத்தின் மேல் வலது கையை வைத்து, பாதிரியார் முன்னிலையில் சத்தியம் செய்து சொல்லப்பட்ட சங்கதி இது. பாதிரியாருக்கு அப்போது காது அவ்வளவாகக் கேட்காது என்பது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

ஜெர்மனியோடு சண்டை நடந்துகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷத்துக் கோடை. அரசாங்கம் கடிகாரங்களை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்ததால், ஒன்பது மணி தாண்டியும் கோழிகள் அடையப் போகாமல் தெருவில் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில், தேவாலயத்துக் கல்சுவரில் சாய்ந்தபடி ஜேபஸ் கெரிட்ஜ் எதிரே இருந்த மதுக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் பெயர் 'உழவனும் நாரையும்'. ஊருக்கு இருந்த ஒரே கடை. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே மனித வாடை கிடையாது. கீழே நிலவறையில் மட்டும் ஒரு பீப்பாய் பீரும், அதன் பக்கத்தில் ஓர் அமெரிக்கக் குண்டும் இருந்தன.

குண்டு வந்த கதை சின்னது. அன்று மத்தியானம் பக்கத்துத் தளத்தில் இறங்க வந்த ஒரு அமெரிக்க விமானத்தின் வயிற்றில், ஜெர்மனியில் விழ மறுத்துத் தொற்றிக்கொண்டே வந்த ஒரு குண்டு, எங்கள் ஊருக்கு மேலே வந்ததும் மனசு மாறிவிட்டது. சரியாக அந்த நேரம் பீர் வண்டிக்காரர், பல நாளைக்கு அப்புறம் வந்த ஒற்றைப் பீப்பாயை இறக்குவதற்காக, தெருவோரத்தில் தரையோடு தரையாக இருக்கும் நிலவறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார். பீப்பாய் சறுக்குப் பலகையில் உருண்டு உள்ளே போயிற்று. பின்னாலேயே குண்டும் அதே பலகையில் வழுக்கிக்கொண்டு போய், பீப்பாய்க்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. வெடிக்கவில்லை. வண்டிக்காரர் பழக்கதோஷத்தில் கடைக்காரி தர்சா கேட்ச்போலிடம் "ரெண்டு உருப்படி" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதற்கு அப்புறம்தான் தன் குதிரைகளையும் முந்திக்கொண்டு ஓடினார்.

ஜேபஸ் கவலைப்பட்டது குண்டைப் பற்றி அல்ல, பீப்பாயைப் பற்றி.

அவர் கிழங்குப் பண்ணையில் குதிரைக்காரர். ஐம்பத்தைந்து வயது. யாருக்கும் கடன் வைக்காத மனுஷன். எங்கள் பக்கத்தில், ஒருத்தன் உனக்கு ஒரு குவளை பீர் வாங்கிக் கொடுத்தால், அதே கடையில் நீ அவனுக்கு ஒரு குவளை வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் எழுந்து வீட்டுக்குப் போகிறவனைத் தெருநாய்கூட நிமிர்ந்து பார்க்காது. முட்டை கொடுத்தோ, முயல் கொடுத்தோ ஈடுகட்ட முடியாது. பீருக்கு பீர்.

இந்தச் சட்டம் அமெரிக்கர்களுக்குத் தெரியவில்லை. விமானத்தளத்திலிருந்து கூட்டமாக வருவார்கள். நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, "எல்லாருக்கும் ஊத்துங்க" என்பார்கள். திருப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்று நாம் எழுந்தால் பீப்பாய் காலியாகியிருக்கும். தர்சா 'பீர் இல்லை' பலகையைத் தொங்கவிடுவாள். "பரவால்ல, அத விடுங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் பறப்பார்கள்.

முதலில் டெக்சாஸிலிருந்து வந்த ஒரு செம்பட்டைத் தலையன், ஜேபஸுக்கு ஒரு குவளை வாங்கிக் கொடுத்தான். மறுநாள் அவன் விமானம் திரும்பவில்லை. பிறகு ஒஹாயோவிலிருந்து ஒரு பல்வைத்தியர் மகன் வாங்கிக் கொடுத்தான். அவன் விமானமும் திரும்பவில்லை. மூன்றாவதாக வந்தவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஜேபஸ் எவ்வளவோ மறுத்தும் கையில் திணித்துவிட்டுப் போனான். கடலுக்கு மேலே விழுந்தானாம்.

மூன்று பேருக்கும் ஜேபஸ் பாக்கி. மூன்று பேரும் இல்லை. இதை அவர் மனுஷர் யாரிடமும் சொல்லவில்லை. குதிரைகளிடம் சொன்னார். அவை மறுத்துப் பேசவில்லை.

நான்காவது ஆள் ஆர்வில் ஹாஸ்கெல். நெப்ராஸ்காக்காரன், விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கிக்காரன். ஒல்லியான உடம்பு; காது மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். போன வாரம் ஜேபஸ் மூலையில் கண்ணயர்ந்திருந்த சமயம் பார்த்து ஒரு குவளையை அவர் முன்னால் வைத்துவிட்டான். விழித்தவர் யாரோ தெரிந்தவன் வைத்தது என்று நினைத்துக் குடித்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் திருப்பி வாங்கிக் கொடுக்க எழுந்தார்; அதற்குள் 'பீர் இல்லை' பலகை தொங்கியது. அன்றிலிருந்து இன்று வரை ஊரில் ஒரு சொட்டு பீர் கிடையாது. ஆர்விலின் விமானம் மேலே போகும்போதெல்லாம் அவர் வயலில் குதிரையை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

கயிற்றுக்கு வெளியே இரண்டு அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். குண்டு எடுக்க வந்த எங்கள் லெப்டினென்ட் ஒருவர். அதே காரியத்துக்கு வந்த அமெரிக்கர்களுடைய கேப்டன் ஒருவர். மத்தியானத்திலிருந்து இருவரும் மரியாதை குறையாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குண்டு உங்களோடது சார்," என்றார் லெப்டினென்ட். "உங்க சொத்துல நான் கை வைக்கறது முறையில்ல."

"அதான் குடுத்துட்டோமே," என்றார் கேப்டன். "உங்க மண்ணுல விழுந்தாச்சு. இனி உங்களோடது. வச்சுக்கங்க."

"அவ்வளவு பெரிய மனசு வேண்டாம் சார். நீங்க எங்களுக்குக் குடுக்கற எல்லாமே இரவல்தானே? சண்டையில தீந்துபோனா திருப்பித் தர வேண்டியதில்ல. தீராம மிச்சமிருந்தா உங்களுக்குத் திருப்பித் தரணும். இது வெடிக்கல. அப்ப இது மிச்சம்."

"வெடிச்சிருந்தா?"

"உங்க தாராள குணத்துக்கு எங்க அரசாங்கம் நன்றி சொல்லியிருக்கும்."

கடைசியில் லண்டனுக்கு டெலிபோன் போட்டுக் கேட்பது என்று முடிவாகி, ஓர் ஆளை பாதிரியார் வீட்டு டெலிபோன் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். லண்டனிலும் இரண்டு தரப்பும் கலந்து பேசிக்கொண்டிருந்ததாம்.

அப்போது ஆர்வில் சைக்கிளில் வந்து இறங்கினான். சுவரோரம் நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்து, "என்ன கடன்காரங்களா, எல்லாரும் சௌக்கியமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியாரிலிருந்து கான்ஸ்டபிள் கேரட் வரைக்கும் ஊரில் அவனுக்குக் குவளை பாக்கி இல்லாத ஆம்பிளை கிடையாது. மற்றவர்களுக்கு அது உறுத்தவில்லை. ஜேபஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, காலையில போறியா?"

"ஆமா பெரியவரே. இதான் கடைசித் தடவை. போயிட்டு வந்துட்டா அப்புறம் வீடுதான். எங்கப்பாவோட சோளக்காடு."

"அப்ப இன்னிக்கு என் குவளைய வாங்கிக்கணும் நீ."

ஆர்வில் கயிற்றைப் பார்த்தான். "பீருக்குப் பக்கத்துல குண்டு இருக்காம்ல?"

"பக்கத்துலதான இருக்கு? உள்ளயா இருக்கு?"

ஆர்விலின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துபோயிற்று. "வேண்டாம் பெரியவரே. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு வேண்டாம்."

ஜேபஸ் அதை மரியாதைக்குச் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்குக் கடை மூட வேண்டும் என்பது சட்டம். கடைக்குள் குண்டு இருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்று கான்ஸ்டபிள் கேரட் சாயங்காலமே சொல்லிவிட்டார். பத்துக்கு மேல் வாங்கிக் கொடுக்கிற குவளை குவளையாகாது, கடன் தீராது, காலையில் இந்தப் பையன் மேலே போவான்.

தர்சா கல்லறைத் திண்டு ஒன்றில் உட்கார்ந்து, தன் கடையைப் பார்த்துக்கொண்டே கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். ஜேபஸ் போய் அவள் கையில் சில்லறையை வைத்தார்.

"ஒரு குவளை, தர்சா."

அவள் சில்லறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உனக்குக் கழண்டு போச்சாய்யா?"

"பின்கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டல. பூட்டிட்டு ஓடறதுக்கு எவளுக்கு நேரம் இருந்துச்சு?" அவள் சில்லறையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வித்தாச்சு. ஊத்திக்கறது உன் பாடு. போறதுதான் போற, அடுப்பு மேல என் கெட்டில் இருக்கு, எடுத்துட்டு வா. ஜேபஸு..."

"என்ன?"

"செத்துத் தொலைக்காத. சில்லறையத் திருப்பித் தர மாட்டேன்."

கான்ஸ்டபிள் கேரட் கோழி ஒன்றைக் கயிற்றுக்கு வெளியே விரட்டிக்கொண்டிருந்த சமயம், ஜேபஸ் வேலிப்பக்கமாகச் சுற்றிப் பின்கதவு வழியாக உள்ளே போய்விட்டார்.

கல்லாவுக்குப் பின்னால் தரையில் இன்னொரு பலகைக் கதவு. அதைத் தூக்கி, லாந்தரைக் கொளுத்திக்கொண்டு, ஏணியில் இறங்கினார். நிலவறை குளுகுளுவென்று இருந்தது. தெருப்பக்கத்துக் கதவு மத்தியானம் திறந்தபடியே கிடந்தது. அதை மூடுகிற தைரியம் யாருக்கும் வரவில்லை. அங்கிருந்து ஒரு துண்டு வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. அதன் நடுவில் பீப்பாய். அதன் தோளில் தலை சாய்த்துக்கொண்டு, பன்றிக்குட்டி மாதிரி கொழுகொழுவென்று குண்டு.

ஜேபஸ் அதற்கு ஒரு வணக்கம் போட்டார். பீப்பாய்க்குக் குழாய் தட்ட வேண்டும். மரச்சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுவதுபோலத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் குண்டைத் திரும்பிப் பார்த்தார். குழாய் ஏறியது. குவளையைப் பிடித்தார். பீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது.

டிக். டிக்.

குண்டின் வாலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன விசிறி இருந்தது. அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜேபஸுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

மேலே தடதடவென்று ஓடிவரும் பூட்ஸ் சத்தம். ஆர்வில் ஏணியைத் தேடாமல் அப்படியே குதித்தான். அவன் கால் பட்டுப் பலகைக் கதவு கீலோடு பிய்ந்து கீழே வந்து விழுந்தது. நிலவறை அதிர்ந்தது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் ஆகவில்லை.

"பெரியவரே, கையில இருக்கறதக் கீழ வச்சுட்டு மேல..." என்று ஆரம்பித்த ஆர்வில், விசிறியைப் பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயிற்று. ஒரே தாவில் போய் விசிறியின் இறக்கையில் ஒரு விரலை வைத்து அழுத்தினான். டிக் சத்தம் நின்றது.

"என்ன தம்பி அது?"

"குண்டு விழறப்ப காத்துல இது சுத்தும். சுத்தி முடிஞ்சதும் கழண்டு விழுந்துரும். அதுக்கப்புறம் ஒரு ஈ வந்து உக்காந்தாக்கூடப் போதும், வெடிச்சிரும். கம்மியான உயரத்துல இருந்து விழுந்ததால பாதியில நின்னு போயிருக்கு. நீங்க மேல கதவத் தொறந்தீங்க. இப்ப தெருக் கதவுலேர்ந்து இங்க வரைக்கும் காத்து ஓடுது."

"இன்னும் எத்தன சுத்து பாக்கி?"

"நூறா இருக்கலாம். ஒண்ணா இருக்கலாம்."

ஜேபஸ் சுற்றிலும் பார்த்தார். மேல்கதவு பிய்ந்து கிடந்தது. தெருக்கதவை மூடலாம் என்றால், அது கருவாலி மரத்தில் செய்த கனத்த கதவு. கையைவிட்டு நழுவி விழுந்தால் அந்த அதிர்ச்சியே போதும். காற்று இரண்டு பேர் கழுத்தையும் தடவிக்கொண்டு போயிற்று. ஆர்விலின் விரல் மட்டும்தான் தடுப்பு.

ஜேபஸ் தெருக்கதவுப் பக்கம் போய் மேலே பார்த்துக் கத்தினார். "யாராவது வாங்க! விசிறி சுத்துது!"

கொஞ்ச நேரம் கழித்து, தூரத்திலிருந்து லெப்டினென்டின் குரல் வந்தது. "உள்ள யாரு? வெளிய வாங்க!"

"வர முடியாது! பையன் விரல வச்சிருக்கான்!"

"பையன் யாரு? அமெரிக்கனா? சார், உங்க ஆள் விரல வச்சிருக்காராம்!"

"அவர் லீவுல இருக்காரு!" என்றார் கேப்டனின் குரல். "லண்டன் லைன்ல வந்துருச்சு. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க!"

ஜேபஸ் திரும்பி வந்தார். ஆர்விலின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஜேபஸ் குவளையை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனார்.

"குடி."

ஆர்வில் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"குடிடா தம்பி. மணி அடிக்கப் போவுது."

"மாட்டேன்."

"ஒரு வாய் பீர் குடிக்க என்னடா பிடிவாதம்? நான் இதுக்காக உசுரக் கையில புடிச்சிட்டு இறங்கி வந்திருக்கேன்."

"நீங்க குடுக்கக் கூடாதுன்னுதான் பெரியவரே நானும் இறங்கி வந்தேன்!" ஆர்வில் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "எங்க கூடாரத்துல ஒருத்தன் இருந்தான். சீட்டாட்டத்துல எல்லாரும் அவனுக்குத் தரணும். ஒரு நாள் சாயங்காலம் அத்தனையும் வசூல் பண்ணிட்டான். ஒரு காசு பாக்கியில்ல. மறுநாள் போனவன் வரல. இன்னொருத்தன், எவன் கேட்டாலும் கடன் குடுப்பான். பாதி விமானத்தோட வந்து இறங்கினான், உடம்புல ஒரு கீறல் இல்ல. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. வர வேண்டிய பாக்கி இருக்கறவன் சாக மாட்டான். இந்த ஊருக்கே நான் ஏன் வாங்கி ஊத்தறேன்னு நெனச்சீங்க? தாகம் தீக்கவா? மத்தவங்க எவனும் திருப்பித் தர மாட்டான், எனக்குத் தெரியும். உங்க ஒருத்தரப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

ஜேபஸ் குவளையை அவன் வாயருகிலிருந்து இறக்கினார். நுரை வழிந்து மணிக்கட்டில் ஓடியது.

"எனக்கு வாங்கிக் குடுத்தவங்க மூணு பேரு," என்றார். "ஒருத்தனுக்கும் நான் திருப்பிக் குடுக்கல. மூணு பேரும் வரல. பாக்கி இருக்கறவன் சாக மாட்டானா? பாக்கி இருந்ததாலதான்டா அவங்க போனாங்க. செம்பட்டத் தலையன் ஒருத்தன் இருந்தான், உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான் ஆர்வில். "ரெட்னு கூப்புடுவோம்."

காற்று பலமாக ஒரு தடவை வீசியது. விசிறி அவன் விரலுக்குக் கீழே நெளிந்தது. "விரல் மரத்துப் போச்சு," என்று முனகினான். "வழுக்குது."

ஜேபஸ் குவளையைத் தரையில் வைத்துவிட்டு, தன் கட்டைவிரலை அவன் விரலுக்குப் பக்கத்தில், அதே இறக்கையில் வைத்து அழுத்தினார். குதிரைக்காரர் கட்டைவிரல், கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும்.

"எடு கைய. நான் புடிச்சுக்கறேன். நீ மேல போ. காலையில உனக்கு வேலை இருக்கு."

ஆர்வில் கையை எடுத்தான். உதறிக்கொண்டே ஏணியில் காலை வைத்தான். பிறகு அங்கேயே நின்றுவிட்டான். அவன் மனசுக்குள் கணக்கு ஓடுவது காதிலேயே தெரிந்தது. இரண்டு காதும் சிவந்துகொண்டே வந்தன.

"பெரியவரே, இப்ப நீங்க என் உசுரக் காப்பாத்திட்டீங்க."

"அதுக்கென்ன?"

"அப்ப நான்தான் உங்களுக்குக் கடன். ஒரு குவளை இல்ல, ஒரு உசுரு."

ஜேபஸ் யோசித்தார். அவர் கணக்குப்படி, கடன் கொடுத்தவன்தான் போவான். இப்போது கொடுத்தவர் அவர். அப்படியென்றால் பையன் பிழைத்தான். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "ரொம்ப சரி," என்றார். "பீர நானே குடிச்சுக்கறேன். நீ கெளம்பு. போற வழியில தர்சாவோட கெட்டில எடுத்துட்டுப் போ."

"எங்க போறது? என் கணக்குப்படி இப்ப நீங்க பொழைச்சீங்க, நான் செத்தேன்!" ஆர்வில் திரும்பி ஓடிவந்து விசிறியில் கையை வைத்தான். "விடுங்க! நான் புடிக்கறேன்!"

"நீ விடுடா!"

"வெரல எடுங்கன்னா!"

"தள்ளாத, தள்ளாத! சுத்துது பாரு!"

டிக்.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையானார்கள். விசிறியின் தண்டு கொஞ்சம் வெளியே வந்திருந்தது. லாந்தர் வெளிச்சத்தில் அதன் திருகின் கடைசிப் புரியோ, அதற்கு முந்திய புரியோ பளபளத்தது. யாரும் கையை எடுக்கவில்லை. ஜேபஸின் கட்டைவிரல் ஒரு இறக்கையில், ஆர்விலின் விரல் எதிர் இறக்கையில். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் நின்றார்கள்.

தேவாலயத்துக் கடிகாரம் மணி அடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் இருமும். அது இருமுவது கேட்டது.

"தம்பி," என்றார் ஜேபஸ் மெதுவாக. "ரெண்டு பேருமே புடிச்சிருக்கோம். இப்ப யாரு யாருக்குக் கடன்?"

ஆர்வில் யோசித்தான். "தெரியல."

"பீரையும் அப்படியே குடிச்சுட்டா?"

"பாதி பாதியா?"

"பாதி பாதியா. நான் உனக்குப் பாதி, நீ எனக்குப் பாதி."

"அப்படிக் குடிச்சா யாரு சாவா?"

"அதுக்கு என்கிட்ட கணக்கு இல்ல."

"என்கிட்டயும் இல்ல," என்றான் ஆர்வில். அன்றைக்குக் காதில் விழுந்த முதல் நல்ல செய்தி அதுதான் என்பதுபோல ஒரு தடவை சிரித்தான்.

ஜேபஸ் இன்னொரு கையால் தரையைத் துழாவிக் குவளையை எடுத்தார். ஆர்விலின் வாயில் சாய்த்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி விழுங்கினான். பாதி வந்ததும் குவளையைத் தன் இடது கையில் வாங்கி, ஜேபஸின் வாயில் சாய்த்தான். குவளையைப் பீப்பாயின் மேல் வைத்தார்கள். மணி அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் குண்டு மெலிதாக ரீங்கரித்தது. இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு பத்தாவது மணி ஓயும்வரை அசையாமல் நின்றார்கள்.

லண்டன் அப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. இரண்டு அதிகாரிகளும் சேர்ந்தே இறங்க வேண்டும், சேர்ந்தே எடுக்க வேண்டும் என்று உத்தரவு. இருவரும் கல்லாவுக்குப் பின்னால் வந்து, "நீங்க முதல்ல சார்", "இல்ல, நீங்க" என்று கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஒரே ஏணியில் ஒரே நேரத்தில் இறங்க முயன்று மாட்டிக்கொண்டார்கள். கீழே வந்த பிறகு வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. கேப்டன் விளக்கைப் பிடித்தார், லெப்டினென்ட் திருகினார். பாதியில் லெப்டினென்ட் விளக்கைப் பிடித்தார், கேப்டன் திருகினார். விசிறியும் அதன் தண்டும் கையோடு வந்தன. கேப்டன் அதை லெப்டினென்டிடம் நீட்டினார். லெப்டினென்ட் அதை மரியாதையாகத் திருப்பி நீட்டினார்.

கான்ஸ்டபிள் கேரட் கடைசியாக இறங்கி வந்து காலிக் குவளையை முகர்ந்து பார்த்தார். "ஜேபஸு, இது பத்துக்கு முன்னால குடிச்சதா, பின்னால குடிச்சதா?"

"குண்டக் கேளு," என்றார் ஜேபஸ். அவருக்குக் கட்டைவிரலை மடக்க முடியவில்லை. அது விறைத்தபடியே மூன்று நாள் இருந்தது. குதிரைகள் அதை ஏதோ உத்தரவு என்று நினைத்து அவர் காட்டிய பக்கமெல்லாம் போயின.

காலையில் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கிழங்கு வயலுக்கு மேலே போயின. ஜேபஸ் தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். முன்பெல்லாம் பயம் என்றால் எதற்குப் பயம் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கடனும் இல்லை, கணக்கும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத பயம் இன்னும் மோசமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்காமலே குதிரைகளை மரத்தில் கட்டிவிட்டு விமானத்தளத்து வேலியோரம் போய் நின்றார்.

விமானங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் வாலையும் பார்த்தார். ஆர்விலுடையது இல்லை. சாப்பாட்டு வண்டி போயிற்று. தளத்து ஆட்கள் வானத்தைப் பார்ப்பதை ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஜேபஸ் மட்டும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் மரங்களுக்கு மேலே, தாழ்வாக, ஒரு பக்கம் சாய்ந்தபடி ஒன்று வந்தது. இறக்கையில் கன்றுக்குட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஒற்றைச் சக்கரத்தில் இறங்கி, புல்லை உழுதுகொண்டே போய், வேலிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. வால் பக்கத்திலிருந்து முதலில் இரண்டு காதுகள் வெளியே வந்தன.

ஆர்வில் நடந்து வேலிக்கு வந்தான். முகமெல்லாம் கரி. இந்தப் பக்கம் ஜேபஸ், அந்தப் பக்கம் அவன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கணக்கு தீர்ந்திருந்தது.

"வந்துட்ட," என்றார் ஜேபஸ்.

"வந்துட்டேன்."

"ம்."

ஆர்வில் காலால் மண்ணைக் கிளறினான். பிறகு சட்டைப்பையைத் தடவி, நசுங்கிப்போன ஒரு சிகரெட்டை எடுத்து, கம்பிக்கு நடுவே நீட்டினான்.

ஜேபஸ் அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "இனிமே நீ மேல போக வேண்டியதில்லையே?"

"இல்ல பெரியவரே. முடிஞ்சு போச்சு. வீட்டுக்குத்தான்."

ஜேபஸ் சிகரெட்டை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். "நாளைக்குத் திருப்பித் தரேன்."

"அவசரமில்ல," என்றான் ஆர்வில்.

வாட்டில்ஃபோர்டு சதுப்பு நிலம். இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்பதால், 'உழவனும் நாரையும்' கடைக்கு நிலவறை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.